வறண்ட நிலத்தின் ஈரமலர்

அக்விலீஜியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த கொலம்பைன், அமெரிக்க மேற்கின் வறண்ட மாநிலங்களில் பூத்தாலும் வறட்சியை விரும்பும் செடியன்று. அரிசோனா, நியூ மெக்சிகோ பள்ளத்தாக்குகளில் பாறையிடுக்கில் நீர் கசியும் இடங்களையே பொன்னிறக் கொலம்பைன் தேடி வேரூன்றுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 15 அங்குல மழையும் பனியுமே பெறும் டென்வர் போன்ற ஊர்களில் இம்மலரை வளர்ப்பது, வறண்ட நிலத்தினுள் ஒளிந்திருக்கும் ஈரத்தை அறிந்துகொள்ளும் கலையாகிறது.

இம்மலரின் அழகு அதன் அமைப்பிலேயே உள்ளது. இதழ்கள்போல் வெளியே விரிந்து நிற்கும் ஐந்தும் புல்லி இதழ்களே. உள்ளிருக்கும் ஐந்து அல்லி இதழ்கள் ஒவ்வொன்றும் பின்னோக்கிக் குழலாக நீண்டு, நுனியில் தேனைத் தேக்கி வைக்கின்றன. குழலின் நீளம் விருந்தாளியைச் சொல்லிவிடும். தலைகவிழ்ந்த செந்நிற மலர்களின் குட்டைக் குழல்களை ஓசனிச்சிட்டுகள் நாடுகின்றன. பொன்னிற மலரின் நீண்ட குழல்களுக்கோ, அந்தியில் பறந்தபடியே தேனுறிஞ்சும் நீள்நாக்கு அந்துப்பூச்சிகள் வருகின்றன.

கொலராடோவின் நீலக் கொலம்பைனை 1820இல் தாவரவியலாளர் எட்வின் ஜேம்ஸ் கண்டறிந்தார். 1899இல் மாநில மலரான அதனைப் பொது நிலங்களிலிருந்து வேரோடு பெயர்ப்பதை 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அச்சட்டம் இல்லாவிடினும் ஆணிவேர் ஆழ ஓடிய செடி இடம்பெயர்வதைப் பொறுக்காது என்பதால், விதையே சிறந்த தொடக்கம். ஈரமும் குளிரும் சில வாரங்கள் பட்ட பின்னரே விதையின் உறக்கம் கலையும். முளைக்க ஒளி உதவுவதால், அதனை மண்ணால் மூடாமல் மேலே தூவி அழுத்திவிடுவதே முறை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் சுவரோரம், நீர் தேங்காத மண், வேரடியைக் குளிர்விக்கும் இலைமூடாக்கு ஆகியவை அமைந்தால் பாறையிடுக்கின் குளுமை தோட்டத்துக்கும் வந்துவிடுகிறது.

தனிச்செடியின் ஆயுள் சில ஆண்டுகளே. ஆனால் முற்றிய காய்கள் வெடித்துச் சிந்தும் கரிய விதைகள் தாமே முளைக்கின்றன. அருகருகே வளரும் இனங்கள் எளிதில் கலந்துவிடுவதால், நாட்டினத்தின் தூய்மையைப் பேண விரும்புவோர் ஓரினத்தோடு நிறைவடைகின்றனர். கல்லின் வடபுறத்திலோ சொட்டுக்குழாயின் அடியிலோ மறு இளவேனிலில் தலைகாட்டும் நாற்றுகள், வளர்ப்பவர் கண்ணுக்குத் தப்பிய ஈரத்தையும் காட்டிக்கொடுக்கின்றன. அவற்றை அங்கேயே வாழவிடுபவரே தம் நிலத்தை அறிந்தவராகிறார்.