தரிப்பிடத்தில் நிற்பவனின் கணக்கு

ஸ்காபரோவுக்குச் சுரங்க றெயில் வேண்டும் என்பதை எம்மவரிற் பலர் ஒரு மானப் பிரச்சினையாகவே பேசி வந்திருக்கிறார்கள். நகரின் மத்திக்குக் கிடைத்தது எமக்கும் வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாகாண அரசின் நிதியோடு, ஏழு நிலையங்கள் கொண்ட இலகு றெயில் திட்டம் ஒன்று கையில் இருந்தது. 2013 ஒக்ரோபரில் ரொறன்ரோ நகரசபை அதைக் கைவிட்டு மூன்று நிலையச் சுரங்கப் பாதையைத் தெரிந்தது. 2016இல் மூன்று ஒன்றாயிற்று. 2019இல் மாகாண அரசு அதை மீண்டும் மூன்றாக்கியது. இதற்கிடையில் 1985 முதல் ஓடிய பழைய றெயில் தேய்ந்துகொண்டிருந்தது. 2023 யூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது; ஐவர் காயமடைந்தனர். கறுப்பு யூலையின் நாற்பதாவது ஆண்டை நாம் நினைவுகூர்ந்த கிழமை அது. நவம்பரில் மூடவிருந்த பாதை பிறகு திறக்கப்படவேயில்லை. பயணிகள் பஸ்ஸுக்கு வந்தார்கள்.

பஸ் என்றதும் எமது விவாதகாரரின் சுருதி இறங்கிவிடுகிறது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து சனவரிக் குளிரில் நிற்கும் எனக்கு அது இறங்குவதில்லை. பஸ் திருந்தியிருக்கிறது: தளம் தாழ்வு, படியில்லை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. ஆனால் என் தரிப்பிடத்தில் ஒரு கம்பமும், வீதியை வழித்த வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனிமேடும்தான். சாய்தளம் அந்த மேட்டின்மேல் இறங்கி என்ன பயன்?

கண்ணாடிக் கொட்டில்களின் கதை வேறு. 2007இல் நகரசபை, விளம்பர வருமானத்தை நம்பி 20 ஆண்டு ஒப்பந்தத்தில் அவற்றை ஒரு விளம்பர நிறுவனத்திடம் விட்டது. விளம்பரம் காரில் போகிறவனுக்கானது. தொழிற்பேட்டைப் பின்தெருவில் நள்ளிரவில் நிற்பவனுக்கு அதைக் காட்டி யாருக்கு லாபம்?

2020 ஒக்ரோபரில் எக்ளிண்டன் கிழக்கில் பஸ்ஸுக்கென ஒரு நிரைக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அங்கீகரித்துச் சில மாதங்களில் முடிந்த வேலை, நான் வரவேற்கிறேன். ஆனால் வேகத்துக்காகச் சில தரிப்பிடங்களை நீக்கினார்கள். பஸ்ஸுக்குள் இருப்பவரின் நிமிடங்கள் கணக்கில் வந்தன, நடக்கும் கிழவியின் முழங்கால் வரவில்லை.

இரவு வேலையாட்கள் ஏறும் தரிப்பிடங்களுக்கு முதலிற் கொட்டில், வீதியோடு சேர்த்துத் தரிப்பிடத்திலும் பனி அகற்றல்: அடுத்த ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை இவை. எமது சங்கங்களின் மகஜர்களில் இவற்றை நான் இன்னும் காணவில்லை.