தெருமுனை வரைக்கும்

உங்கள் வீட்டுக் கதவுக்கும் தெருமுனைக்கும் எத்தனை தூரம்? நூறு அடி, மிஞ்சினால் இருநூறு. பால் வாங்கப் போகும்போது அந்தத் தூரத்தை நீங்கள் எண்ணுவதே இல்லை. அதே இருநூறு அடியைக் கடக்க பத்து வருஷம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கடக்காமலே செத்துப்போனவர்களும் உண்டு. செபாஸ்தியான் லிஃப்ஷிட்ஸ் என்ற பிரெஞ்சு இயக்குநர் 2022-ல் எடுத்த 'காஸா ஸுஸானா' என்கிற டாக்குமென்டரி இவர்களைப் பற்றியதுதான். வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது.

படத்தில் வருகிறவர்கள் 1950, 60-களின் அமெரிக்க ஆண்கள். மனைவி, குழந்தை, உத்தியோகம் எல்லாம் உள்ள மத்தியதர வர்க்கத்தினர். பெண்ணுடை அணிவதில் அவர்களுக்கு ஆசை. "ஓ, திருநங்கைகளா?" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். திருநங்கை தன்னைப் பெண்ணாகவே உணர்கிறவர். க்ராஸ்டிரெஸ்ஸர் என்பவர் பெரும்பாலும் தன்னை ஆணாகவே நினைக்கிறவர். சனி, ஞாயிறு கவுன் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர். அந்தக் காலத்தில் இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நடுவில் இருக்கும் கோடு அப்படியொன்றும் அழியாத மையால் போட்டதில்லை என்பதையும் இந்தப் படம் காட்டுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கதை ஒரு பழைய சாமான் சந்தையில் ஆரம்பிக்கிறது. நியூயார்க் மன்ஹாட்டனில் ராபர்ட் ஸ்வோப் என்கிற மேஜை நாற்காலி வியாபாரி ஒரு பெட்டி நிறைய போட்டோக்கள் கிடைத்து வாங்கி வந்தார். எல்லாவற்றிலும் பெண்கள். உற்றுப் பார்த்தால் பெண்கள் இல்லை. அவரும் மிஷேல் ஹர்ஸ்ட்டும் சேர்ந்து அவற்றை 2005-ல் புத்தகமாகப் போட்டார்கள். இவர்கள் யார், இது எந்த இடம் என்ற துப்பெல்லாம் அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லத் துலங்கியது.

நியூயார்க்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதி. அங்கே ஸுஸானா என்று தன்னை அழைத்துக்கொண்ட டீட்டோவும் அவர் மனைவி மரியும் ஒரு விடுதி நடத்தினார்கள். வாரக் கடைசியில் ஆண்கள் காரில் வந்து இறங்குவார்கள். பெட்டியைத் திறந்து உடை மாற்றுவார்கள். இரண்டு நாள் வேறு பெயரில் இருப்பார்கள். ஞாயிறு மாலை முகத்தைக் கழுவிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவ்வளவுதான்.

அந்தப் போட்டோக்களில் என்னை அசத்தியது அவற்றின் சாதாரணம். கவர்ச்சி கிடையாது. மேடை மினுமினுப்பு கிடையாது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்க்ராபிள் ஆடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கிய பூப்போட்ட கவுன், கழுத்தில் முத்துமாலை. நம்மூர் கணக்கில் சொன்னால் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் இல்லை. கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற பக்கத்து வீட்டு மாமி. அவர்கள் ராணியாக ஆசைப்படவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண்மணியாக இருக்க ஆசைப்பட்டார்கள். வெளியே போகத் துணிச்சல் தேடுகிறவர்களின் கனவு இதுதான் போலிருக்கிறது: கூட்டத்தில் கரைந்துபோவது.

போட்டோ எடுத்ததே ஒரு சாமர்த்தியம். அந்தக் காலத்தில் பிலிம் சுருளை ஸ்டுடியோவில் கொடுத்துத்தான் கழுவ வேண்டும். கொடுத்தால் கடைக்காரன் பார்ப்பான். பார்த்தால் போலீஸ் வரலாம். அதனால் எடுத்த இடத்திலேயே படம் வந்துவிழும் போலராய்ட் கேமரா இவர்களுக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. கூட்டத்தில் ஒருவருக்குச் சொந்தமாகவே பிலிம் கழுவத் தெரிந்திருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொள்வது வேறு, இன்னொருவர் கண்ணில் தெரிவது வேறு இல்லையா? தெருவுக்குப் போக முடியாதவனுக்கு அந்தச் சதுரக் காகிதம்தான் தெரு.

போலீஸ் பயம் சும்மா மனப்பிராந்தி இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் தெருவில் நடமாடுவதை 1863-லேயே குற்றமாக்கியிருந்தார்கள். 1974 வரை அது அமலில் இருந்தது. நியூயார்க் கதை இன்னும் சுவாரசியம். அங்கே 1845-ல் மாறுவேஷத்துக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். எதற்கு? குத்தகை கொடுக்க மறுத்துப் போராடிய விவசாயிகள் அடையாளம் தெரியாமலிருக்க முகமூடியும் சீட்டித்துணி கவுனும் மாட்டிக்கொண்டு அதிகாரிகளை விரட்டினார்கள். அவர்களை அடக்கத்தான் சட்டம். நூறு வருஷம் கழித்து அதே சட்டம் கவுன் போட்ட ஆண்கள்மேல் பாய்ந்தது. இதில் வேடிக்கை, அந்த விவசாயிகள் போராடியதும் கேட்ஸ்கில் மலைப்பக்கம்தான்! கொரோனா வந்து எல்லாரையும் முகமூடி போடச் சொல்ல வேண்டியிருந்ததால், அந்தச் சட்டத்தின் மிச்சத்தை 2020-ல் ரத்து செய்தார்கள்.

இதே காலத்தில், 1959-ல், ஹாலிவுட் 'சம் லைக் இட் ஹாட்' எடுத்து, டோனி கர்ட்டிஸும் ஜாக் லெமனும் கவுன் போட்டுக்கொண்டு ஓட, உலகமே வயிறு குலுங்கச் சிரித்தது. போலீஸ் பிடிக்கவில்லை. காரணம், அவர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது: ரவுடிகளிடமிருந்து தப்பிக்கிறார்கள். சாக்கு இருந்தால் சமூகம் மன்னித்துவிடும். 1993-ல் ராபின் வில்லியம்ஸுக்கும், 1996-ல் நம் அவ்வை சண்முகிக்கும் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிற சாக்கு. அந்தத் தலைப்பே யாரிடமிருந்து வந்தது? மேடையில் ஔவையாராக நடித்து 'அவ்வை' பட்டம் பெற்ற டி.கே.சண்முகத்திடமிருந்து. ஸ்திரீ பார்ட் போட்டவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய ஊர் நம்முடையது. மேடையும் ஒரு சாக்குதான். "எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு கதாநாயகன் சொல்லும் படம் வரட்டும், அப்போது தெரியும் நம் சிரிப்பின் யோக்கியதை.

சரி, துணிச்சல் எங்கிருந்து வருகிறது? படத்தைப் பார்க்கும்போது எனக்குப் பட்டது, முதல் மனுஷரிடமிருந்து. டீட்டோவுக்கு அந்த முதல் மனுஷர் மரி. அவர் ஐந்தாவது அவென்யூவில் விக் கடை வைத்திருந்தார். டீட்டோ தன் சகோதரிக்கு என்று சொல்லிக்கொண்டு விக் வாங்கப் போனார். விக் யார் தலைக்கு என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. விரட்டவில்லை. பிறகு கல்யாணமே செய்துகொண்டார். கடை, விடுதி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, தலை அலங்காரம் எல்லாவற்றிலும் அந்த அம்மாளின் கை இருந்தது. படத்தின் பெயர் ஸுஸானாவுடையதாக இருக்கலாம். என்னைக் கேட்டால் கதாநாயகி மரிதான்.

முதல் மனுஷரை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இன்னொரு சம்பவம். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி போன்றவர் கலிஃபோர்னியாவின் வர்ஜீனியா பிரின்ஸ். 1960-ல் 'டிரான்ஸ்வெஸ்டியா' என்று பத்திரிகை தொடங்கியவர். ஸுஸானா அதில் பத்தி எழுதினார். 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிரின்ஸ் முதல் கூட்டம் போட்டார். வருகிறவர்களில் எவனாவது போலீஸ் உளவாளி இருந்தால்? எல்லாரும் ஆண் உடையில், ஆளுக்கு ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸும் குதிகால் செருப்பும் பையில் கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்க முடியாது! கூச்சத்தைப் போக்க இதைவிட நல்ல வழியை எந்த மனோதத்துவ நிபுணரும் கண்டுபிடித்ததில்லை.

இப்போது என் குறைகள். படத்தில் முக்கியமாகப் பேசுகிறவர்கள் நான்கு பேர். கேத்ரின் கம்மிங்ஸ், டயானா மெர்ரி-ஷபீரோ இருவரும் அந்த விடுதிக்குப் போனவர்கள். பின்னாளில் முழுமையாகப் பெண்களாகவே வாழ்ந்தவர்கள். (டயானா கில்லாடி. ஸெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் கணினித் திரையில் படங்களை வேகமாக நகர்த்தும் வித்தையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். நீங்கள் மவுஸால் இழுக்கும் ஜன்னல்களுக்குப் பின்னால் அவர் கைவண்ணம் இருக்கிறது.) மற்ற இருவர், விடுதிக்குப் போன ஒருவரின் மகளும் மரியின் பேரனும். நான் சொன்ன அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் ஆசாமி, கடைசிவரை ஆணாகவே இருந்து வாரக் கடைசியில் மட்டும் பெண்ணாக இருந்தவர், தன் வாயால் பேசவே இல்லை. பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அவர் எழுத்திலாவது வந்திருக்கலாம். அந்தப் பத்திரிகைகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. படம் பார்த்து முடித்தவர்களுக்கு, கவுன் போடுகிறவர்கள் எல்லாம் கடைசியில் பெண்ணாகிவிடுவார்கள் என்று தோன்றினால் ஆச்சரியப்பட மாட்டேன். அது சரியில்லை. அப்படியே இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களுடையது பாதிக் கிணறு தாண்டிய கதை அல்ல.

இன்னொன்று, பிரின்ஸின் சங்கத்தில் நடந்த விலக்கல். ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு அங்கே இடமில்லை, அறுவை சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இல்லை. "நாங்கள் கௌரவமான குடும்பஸ்தர்கள்" என்று காட்ட வேண்டுமே. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குக் கீழே இன்னொருவரை ஒதுக்கி வைத்துத் தெம்பு தேடுவதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம், விவரிக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால் பிரின்ஸும் ஸுஸானாவும் 60-களின் கடைசியில் முழுநேரமும் பெண்ணாகவே வாழத் தொடங்கிவிட்டார்கள். லிஃப்ஷிட்ஸ் இந்த இடத்தை இன்னும் அழுத்தமாகக் கீறியிருக்கலாம். அவருக்குத் தன் பாத்திரங்கள்மேல் அவ்வளவு பிரியம்.

அந்தப் பிரியத்தையும் மீறிப் படத்தில் ஒரு சங்கடம் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. மகள் என்றேனே, பெட்ஸி வோல்ஹைம். அவர் தந்தை டொனால்ட் வோல்ஹைம் அறிவியல் புனைகதைப் பதிப்பில் பெரிய தலை. 1966-ல் வேறு பெயரில் இந்த விடுதி அனுபவங்களைப் புத்தகமாகவே எழுதினார். வாரக் கடைசியில் சிரித்துப் பேசிய அந்த மனிதர், வீட்டில் எப்படிப்பட்டவராக இருந்தார் என்று பெட்ஸி சொல்லும்போது குரல் கசக்கிறது. அப்பாவின் ரகசியத்துக்கான வாடகையைக் குழந்தைதான் கட்டியிருக்கிறது. அப்பாமேல் பரிதாபமும் வருகிறது, பெட்ஸிமேலும் வருகிறது. எதை முதலில் வைப்பது என்று இயக்குநர் சொல்வதில்லை. நல்லவேளை.

படம் முடிந்த கையோடு எடி இஸார்டின் 'பிலீவ் மீ' (2017) என்ற சுயசரிதையை எடுத்துப் படித்தேன். பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர். இப்போது ஸுஸி என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். 1985, லண்டன், வயது 23. பெண்ணுடையில் முதல் தடவையாக வெளியே போய்விட்டு, உடை மாற்றப் பொதுக் கழிப்பறைக்குள் போகிறார். வெளியே விடலைப் பெண்கள் சிலர் கேலி செய்யக் காத்திருக்கிறார்கள். வந்ததும் பின்னாலேயே துரத்துகிறார்கள். நடையை எட்டிப் போட்டுப் பார்க்கிறார். விடுவதாயில்லை. கடைசியில் திரும்பி நின்று, சரி, விளக்கமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறார். அவர்கள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள்! இதற்கப்புறம் தெருவில் வித்தை காட்டுவதும் மேடையில் தனியாக நிற்பதும் தனக்குப் பெரிதாகப் படவில்லை என்கிறார். 2009-ல் 51 நாட்களில் 43 மராத்தான் ஓடியதற்கும் அன்றைக்கு ஓடாமல் நின்றதற்கும் முடிச்சுப் போடுகிறார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. ஆனால் ஓடியவர் சொல்கிறார், உட்கார்ந்திருப்பவன் என்ன மறுப்பது?

"பார்த்தீர்களா, திரும்பி நின்றால் போதும்" என்று இதைப் பாடமாக்கிவிடாதீர்கள். துரத்தியவர்கள் விடலைப் பெண்களாக இல்லாமல் நாலு குடிகாரர்களாக இருந்திருந்தால் கதை வேறு. 1962-ல் மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனாக இருந்து, பிடிபட்டால் வேலையும் வீடும் போய்விடும் என்றிருந்தவர் திரும்பி நிற்க முடியாது. அவருக்கு மலைமேல் ஒரு வீடும், கூட ஸ்க்ராபிள் ஆட மூன்று பேரும்தான் வாய்த்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம் கிடைக்காவிட்டால் போட்டோக்களையாவது பாருங்கள். பெரும்பகுதி கனடாவில் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. 2023-ல் பிரான்சின் ஆர்ல் நகரில் கண்காட்சி வைத்தார்கள். இஸபெல் போனேயும் ஸோஃபி ஹாக்கெட்டும் தொகுத்த தடிமனான புத்தகமும் வந்திருக்கிறது. அதில் ஒரு படத்தில் தோட்டத்தில் நாலைந்து பேர் கேமராவும் கையுமாக ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் போஸ் கொடுக்கிறார், யார் எடுக்கிறார் என்றே புரியாது.