வளரும் சந்தை, தேயும் நாணயம்

1981-ல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த அந்துவான் வான் அக்ட்மேல், ஏழை நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்ய ஒரு நிதியம் தொடங்க நினைத்தார். ‘மூன்றாம் உலகம்’ என்ற பெயரில் பணம் திரட்ட முடியாது என்றார்கள். அப்போது அவர் யோசித்த சொல்தான் ‘வளரும் சந்தைகள்’. நாடு வளர்ந்தால் போட்ட பணமும் வளரும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு நம் நாடே சாட்சி. 1978-79-ஐ 100 என்று வைத்துக் கணக்கிடும் சென்செக்ஸ், 2024 ஜூலையில் 80,000-ஐத் தொட்டது. இதே காலத்தில் டாலர் சுமார் 8 ரூபாயிலிருந்து 83-க்கு ஏறியது. அதைக் கழித்துப் பார்த்தாலும், டாலரில் ஏறத்தாழ 80 மடங்கு. பொறுமைக்குக் கிடைத்த பெரும் பலன் இது.

துருக்கியின் கதை வேறு. 2013 தொடக்கத்தில் 100 டாலரை மாற்றினால் சுமார் 178 லிரா கிடைத்தது. அதை இஸ்தான்புல் பங்குச் சந்தைக் குறியீட்டில் போட்டிருந்தால், 2021 முடிவில், ஈவுத்தொகை நீங்கலாக, 420 லிராவுக்கு மேல் ஆகியிருக்கும். உள்ளூர்க்காரர் கண்ணுக்கு அது லாபம். ஆனால், அதற்குள் ஒரு டாலரின் விலை 13 லிராவைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்திருக்கக்கூடியது சுமார் 32 டாலர். நிறுவனங்கள் சம்பாதித்தன, நாணயம் அதைத் தின்றுவிட்டது.

நாணயச் சரிவையாவது காத்திருந்து ஓரளவு ஈடுகட்டலாம். அரசியல் அடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் ரஷ்யப் பங்குகளை, பங்குக் குறியீடுகளை வெளியிடும் எம்எஸ்சிஐ நிறுவனம் தன் வளரும் சந்தைக் குறியீட்டிலிருந்து, ஏறக்குறைய பூஜ்ய விலையில், நீக்கியது. வெளிநாட்டவர் கையில் பங்கு இருந்தது. விற்க வழி இல்லை.

எனவே வளர்ச்சி விகிதத்தை மட்டும் காட்டி விற்கப்படும் நிதியத்தை நான் நம்பமாட்டேன். நாணயம், சட்டம், பணத்தை வெளியே எடுக்கும் வழி ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பேன். தவிர, சென்னையில் சம்பளம் வாங்கி, இங்கேயே வீடும் வைப்புநிதியும் வைத்திருப்பவர் ஏற்கெனவே முழுக்க வளரும் சந்தைக்குள்தான் இருக்கிறார். அவருக்குப் பரவலாக்கம் வேண்டுமென்றால், ஒரு பகுதிப் பணம் வளர்ந்த நாடுகளுக்குப் போக வேண்டும். பத்தாண்டு தொடாமல் வைக்கக்கூடிய பணம் இருந்தால் வளரும் சந்தைகளில் போடுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.