பெல்ஹார் விசுவாச அறிக்கை: ஒரு மதிப்பீடு

1857ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் கூடிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினாடு ஒரு தீர்மானம் செய்தது. புறவினத்தாரிலிருந்து வந்த விசுவாசிகள் ஏற்கெனவே உள்ள சபைகளில் சேர்க்கப்படுவதே விரும்பத்தக்கது, திருமறைக்கும் ஒத்தது என்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும், சிலருடைய பலவீனத்தினிமித்தம் இது இறைபணிக்குத் தடையாகுமானால், அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்தலாம் என்றும் இடங்கொடுத்தது. சத்தியத்தை மறுக்காமலே அதற்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கே பின்னர் விதியாயிற்று. 1881இல் 'கலப்பினத்தார்' என்று அழைக்கப்பட்ட மக்களுக்கென டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை தோன்றியது. 1948க்குப் பின் இன ஒதுக்கலே அரசின் கொள்கையாயிற்று.

பலவீனரைக் குறித்துப் பவுலடியார் எழுதுவதுண்டு (1 கொரி. 8). அங்கு பலவான் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறான். இங்கோ பலவீனர் எனப்பட்டோர் அதிகாரம் உடையவர்கள். விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டோர் அதிகாரம் அற்றவர்கள். அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து விலகியபோது (கலா. 2:11-14), பவுல் அதனைப் பலவீனம் என்று பொறுத்துக்கொள்ளவில்லை, நற்செய்தியின் சத்தியத்திற்கு மாறான நடை என்றே கண்டித்தார்.

இப்பின்னணியிலேயே பெல்ஹார் அறிக்கையை நாம் வாசிக்க வேண்டும். 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு, இன ஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு மிஷன் திருச்சபையின் சினாடு கேப் டவுனை அடுத்த பெல்ஹாரில் கூடி இவ்வறிக்கையின் வரைவை ஏற்றது; 1986இல் அது முறைப்படி நிறைவேறியது.

ஐக்கியம், ஒப்புரவு, நீதி என்பன அறிக்கையின் மூன்று தூண்கள். ஐக்கியம் கிறிஸ்து அளித்த ஈவு. அதே வேளையில் திருச்சபை நாடித் தேடவேண்டிய கடமையுமாகும். அது காணக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று அறிக்கை வலியுறுத்துவதே நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. 'ஆவியில் ஒன்றாயிருக்கிறோம், ஆராதனையில் மட்டும் பிரிந்திருக்கிறோம்' என்னும் சமாதானத்திற்கு இனி இடமில்லை. இன ஒதுக்கலுக்கு அரசு சூட்டிய பெயரை அறிக்கை எங்கும் கூறவில்லை. எனவே அது ஒரு நாட்டின் கண்டனமாக நின்றுவிடாமல், எல்லாத் திருச்சபைகளையும் சோதிக்கும் அளவுகோலாகிறது. அதனுடன் வெளியிடப்பட்ட கடிதம், துன்புற்ற சபையினர் தங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாக அமைந்திருப்பது அதன் நேர்மைக்குச் சான்று.

கடவுள் ஏழைகளுக்கும் அநீதி இழைக்கப்பட்டோருக்கும் சிறப்பான வகையில் கடவுளாயிருக்கிறார் என்ற வாசகமே பலரை இடறச் செய்தது. இது கடவுளைப் பட்சபாதமுள்ளவராக்குகிறது என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டவர் அவரே. நமது குறை வேறு. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்தோர் அநேகர். அபகரிக்கப்பட்டதைத் திரும்பக் கொடுத்தல் பற்றி அறிக்கை வெளிப்படையாகப் பேசவில்லை. சகேயுவின் மனந்திரும்புதலோ நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவதில் வெளிப்பட்டது (லூக். 19:8). திரும்பக் கொடுக்காத ஒப்புரவு, வஞ்சித்தவனுக்கே ஆறுதலாய் முடியும்.

1994இல் மிஷன் திருச்சபையும், கறுப்பின மக்களுக்கென அமைந்திருந்த ஆப்பிரிக்க டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் ஒன்றாயின. வெள்ளையரின் தாய்ச்சபையோ அவ்விணைப்பில் சேரவில்லை. அறிக்கை எழுதுவது எளிது என்பதன்று இதன் பொருள். பந்தியில் ஒருமுறை விழுந்த பிளவு எத்துணை ஆழமாய் வேரூன்றும் என்பதே.

இதனை வாசிக்கும் நாம் தொலைதூரத்து நியாயாதிபதிகள் அல்லோம். சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் தென்னிந்திய மிஷனெரிகளுக்கு எழுதியபோது, இங்கும் பலவீனரைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்னும் வாதமே எழுந்தது. நம் சபைகளில் நாம் யாருடைய பலவீனத்திற்கு இடங்கொடுக்கிறோம்? அதற்கு விலை செலுத்துகிறவர் யார்? திருவிருந்து மேசையருகே நிற்கும் ஒவ்வொரு போதகரும் விடையளிக்க வேண்டிய கேள்வி இது.