பணிச்சீட்டும் பரிசோதனையும்

தொழிற்சாலை மென்பொருளில் ஒரு வேலையை ஏற்றுகையில், இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன கட்டங்கள் என்று வகுத்து, ஒரு கட்டத்தின் அளவுகள் சரிபார்க்கப்பட்டாலன்றி அடுத்தது திறவாதபடி பரிசோதனையை அமைக்கும் நியமத்தில் தனியொரு அழகு உண்டு. ரமணாசிரமத்தில் 1930-களில் கோசாலையும் போஜனசாலையும் எழும்பியபோது, 1928-இல் அங்கு வந்து சேர்ந்து கட்டட மேற்பார்வை ஏற்ற அண்ணாமலை ஸ்வாமிக்கு, பகவான் ரமணரே வேலையின் விவரத்தைச் சொல்லியும், காகிதத்தில் வரைந்து கொடுத்தும், பின் நேரில் வந்து பார்வையிட்டும் நடத்திய முறை இதற்கு உத்தமமான முன்னுதாரணம். வேலையை வகுத்தவரே பார்க்கவும் வருவார் என்ற எண்ணம் கொத்தனாரின் கரண்டிக்கும் சிரத்தையை அளித்திருக்கும் என்பது என் துணிபு. மென்பொருளில் வேலை அமைக்கும் அன்பர்களே, பரிசோதனையை இறுதிக்கு ஒத்திவைக்காமல் முதற்கட்டத்திலேயே வையுங்கள்.