உழுபடையின் விண்ணப்பம்: புறநானூற்று 35ஆம் பாடலை மீண்டும் வாசித்தல்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய பாடல் புறநானூற்றில் 35ஆம் எண்ணில் அமைந்துள்ளது. பாடாண் திணை, செவியறிவுறூஉத் துறை என்று வகுக்கப்பட்ட இப்பாடல், நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ‘அரசனுக்கு அறிவுரை’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. துறைப்பெயரைச் சொன்னவுடன் பாடம் முடிந்துவிட்டதாக ஆசிரியரும் மாணவரும் கருதிக்கொள்கின்றனர். ஆனால் பாடலின் அடியில் அமைந்த குறிப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. புலவர் இதனைப் பாடிப் பழைய செய்க்கடனை, அதாவது விளைநிலத்தின்மீது நிலுவையாக நின்ற வரியை, நீக்கிக்கொண்டார் என்பதே அச்செய்தி. அவ்வாறாயின் இஃது அறிவுரை மட்டுமன்று. உழவர் சார்பில் அரசவையில் வைக்கப்பட்ட விண்ணப்பமுமாகும். விண்ணப்பமாகக் கொண்டு வாசிக்கும்போது பாடலின் சொற்கள் எவ்வாறு இடம்மாறி நிற்கின்றன என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

பாடலின் முற்பகுதி புகழுரை. தமிழ்நாட்டு மூவேந்தருள் அரசு எனத்தக்கது உன்னுடையதே. வெள்ளிக்கோள் தென்திசை சென்றாலும் காவிரி வந்து ஊட்டுவதால் கரும்பு பூக்கும் நாடு உன்னுடையதே என்று புலவர் தொடங்குகிறார். வெள்ளி தெற்கே செல்லுதல் வறட்சிக்கு அறிகுறி என்பது அக்காலத்தார் நம்பிக்கை. பிற்பகுதியிலோ மழை பொய்த்தால், விளைச்சல் குறைந்தால், இயற்கைக்கு மாறானவை மக்களின் செயலால் தோன்றினால், உலகம் காவலரையே பழிக்கும் என்கிறார். முற்பகுதியில் வறட்சி தீண்டாத நாடு. பிற்பகுதியில் வறட்சியின் பழி. இம்முரணைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. என் கருத்தில் பாடலின் வலிமையே இம்முரணில்தான் இருக்கிறது. கோள் பிறழ்ந்தாலும் வாடாத நாடு என்ற பெருமையை அரசன் தலையசைத்து ஏற்றுக்கொண்டானாயின், பின்னர் விளைச்சல் குன்றும்போது வானத்தைக் கைகாட்ட அவனுக்கு இடமில்லை. இங்குப் புகழுரை கொடையன்று. அரசனிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் ஒப்புதல். இடையில், உன்னுடையவற்றைக் கூறினேன், என்னுடையதைக் கேள் என்னும் கருத்தில் புலவர் திரும்பும் இடம் அரசவை வழக்கறிந்த ஒருவரின் திருப்பம்.

இப்பாடலை வீரயுகச் சட்டகத்துள் வைப்பது எளிதன்று. க. கைலாசபதி தம் பர்மிங்ஹாம் ஆய்வேட்டின் வழி 1968இல் வெளியிட்ட நூல், பாணரையும் புரவலரையும் மையமாகக் கொண்டு சங்கப் பாடல்களை நோக்கக் கற்பித்தது. அதன் பயன் பெரிது. ஆயினும் நாகனார் யானையும் பொன்னும் கேட்கவில்லை. பரிசில் துறையில் நிற்கவுமில்லை. ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் 1999இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு, நானூற்றையும் போர், அறிவு என்னும் இரு சொற்களுக்குள் அடக்குகிறது. வரிநிலுவையை இவ்விரண்டில் எதற்குள் வைப்பது? வெளிநாட்டில் ஆய்வு செய்த நாள்களில் நானும் இதனை ‘அறிவு’ப் பக்கத்தில் ஒதுக்கிவைத்தவன்தான்.

பாடலின் மையம் ‘புறந்தருதல்’ என்னும் வினை. இறுதி அடிகளில் அது மும்முறை வருகிறது. பகட்டைப் புறந்தருவோர் உழவர். அவர்தம் பாரத்தைக் காத்து அதன்வழிக் குடிகளைப் புறந்தர வேண்டியவன் அரசன். அவ்வாறு செய்தால் அவன் அடியைப் புறந்தருவோர் அதுவரை அவனுக்கு அடங்காத பகைவர். எருதிலிருந்து அரியணைவரை ஒரே வினை ஏறிச் செல்கிறது. இவ்வேணியின் முதற்படியில் நிற்பது நெல்லன்று, நிலமன்று, உழவனுங்கூட அன்று, எருது. போர்க்களத்து வெற்றியும் உழுபடை கீறிய சாலில் விளைந்த பயனே என்று புலவர் சற்று முன்னர்க் கூறியதையும் இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். படை என்ற சொல் சேனையையும் கருவியையும் ஒருங்கே குறிப்பதால், பொருபடைக்கு உழுபடையைத் தாயாக்குவது அவருக்கு எளிதாகிறது. உரைகள் ‘பாரம்’ என்பதைக் குடும்பம் என்னும் பொருளில் கொள்கின்றன. அது பிழையன்று. ஆயினும் சுமை என்னும் நேர்ப்பொருளை இழக்காமல் வாசிக்கலாம். எருதுக்கு உழவு இல்லாத மாதங்களிலும் தீனி வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் முதலில் அற்றுப்போவது புல்லும் வைக்கோலும். அடுத்த மழைவரை எருதை உயிரோடு வைத்திருக்கும் செலவு, விளைச்சலே இல்லாத வீட்டின்மீது விழுகிறது. அதுவே பாரம்.

கருவியைப் பேணுதல் என்பது என்னவென்று அறிய ‘ஏர் எழுபது’ உதவும். கம்பர் பெயரால் வழங்கும் இச்சிறுநூல் மேழி, ஊற்றாணி, நுகத்தடி, நுகத்துளை, நுகத்தாணி, பூட்டுகயிறு, கொழு, கொழுவின் ஆணி, தாற்றுக்கோல் என உறுப்புதோறும் தனித்தனிச் செய்யுள் பாடிச் செல்கிறது. ஒருமுறை வகுப்பில் நுகத்தாணி எத்துணைப் பெரியது என்று ஒரு மாணவி கேட்டார். பால்மரக் கத்தியை வீட்டில் பார்த்து வளர்ந்தவர். ஏரைப் படத்தில் மட்டுமே கண்டவர். விரல் நீளத்தைக் காட்டி, இது கழன்றால் ஏர் நிற்கும் என்றேன். ஓர் ஆணிக்கு ஒரு செய்யுளா என்ற அவரது வியப்பு அப்போது அடங்கியது. இந்நூலை மிகைப்புகழ்ச்சி என்று ஒதுக்கும் திறனாய்வு, ஒவ்வோர் உறுப்பும் பழுதுபடக்கூடியது என்னும் உழவனின் கவலையைக் கேட்கத் தவறுகிறது. கொழு தேயும், கொல்லனிடம் சென்று அடித்துக் கூராக்க வேண்டும். கொல்லனும் தச்சனும் களத்துமேட்டில் நெல்லாகக் கூலி பெற்றவர்கள். களம் வெறுமையானால் உலையும் அணையும். எனினும் ‘ஏர் எழுபது’ வறட்சியைப் பாடவில்லை; எவரிடமும் எதையும் கேட்கவுமில்லை. அதன் உழவர் நிறைந்த வீட்டினர்.

குறைந்த வீட்டினரைக் காண மீண்டும் புறநானூற்றுக்கே வர வேண்டும். அதியமான் எழினி இறந்தபோது அரிசில்கிழார் பாடிய 230ஆம் பாடலில், கூற்றுவன் செயலுக்கு ஓர் உவமை வருகிறது: வறுமையுற்ற குடியைச் சார்ந்த உழவன் விதைநெல்லை எடுத்து உண்டுவிடுதல். எழினியைக் கொன்றதால் இனி உண்ணக்கூடிய பல உயிர்களைக் கூற்றம் தானே இழந்துவிட்டது என்பது கருத்து. கையறுநிலைப் பாடலில் சாவுக்கு உவமையாகும் அளவுக்கு அக்காட்சி கேட்போர்க்குப் பழகியிருந்தது என்பது உறுத்துகிறது. விதையுண்ட வீட்டுக்கு மழை பெய்து பயனில்லை. எருதை விற்ற வீட்டுக்கும் அவ்வாறே. ஈரம் நிற்கும் சில நாள்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும்.

வரி பற்றிய பாடல் என்றால் நாம் உடனே எடுத்துக்காட்டுவது பிசிராந்தையாரின் 184ஆம் பாடல். யானை புகுந்த வயலின் உவமை மாணவர் மனத்தில் எளிதில் பதியும். அதன் புகழ் தகுதியானதே. ஆயினும் அது விளைந்தபின் கொள்ளும் வரியின் அளவைப் பேசுகிறது. அங்கு நெல் ஏற்கெனவே முற்றி நிற்கிறது. குடபுலவியனாரின் 18ஆம் பாடல் நீர்நிலை அமைக்கச் சொல்கிறது. விதைப்புக்கு முந்தைய நாள்களை, விதைக்கும் ஆற்றலே அழிந்துபோகக்கூடிய அந்த இடைவெளியை, அரசின் பொறுப்பாக வைப்பது நாகனார் பாடல்தான். இதனை 184க்கு இணையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வேறுபாட்டின் பொருளைப் பிற்கால வரலாறு காட்டும். 1876-78ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பஞ்சத்தில், 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். உடலை நிறுத்திவைக்கவே போதாத கூலி அது. எருதுக்கு அதில் பங்கேது? பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னர், 1884ஆம் ஆண்டுச் சட்டம் விதையும் கால்நடையும் வாங்க உழவருக்குக் கடன் தர வழிசெய்தது. விதைக்கும் ஆற்றலைச் சட்டம் அப்போது கண்டுகொண்டது, ஆனால் கடனாக. அத்தாது வருடப் பஞ்சத்தைப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ நூலில், முறையிட வந்த மக்களின் பொருட்டு மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை சமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார். நாகனார் வானத்தின் பழியை அரசன்மேல் வைத்தார். வில்லியப்ப பிள்ளை கடவுளின் கையாலேயே அப்பழியை நிலவுடையோனுக்கு அனுப்பிவைக்கிறார். அங்கதம் என்று மட்டும் சொல்லி இதனைக் கடந்துவிடலாகாது. தென்னிந்தியரை இலங்கை, பர்மா, மலாயா நோக்கிக் கப்பலேற்றிய காரணங்களுள் பஞ்சமும் ஒன்று என்பதால், இந்நூல் நமக்கு அயலானதும் அன்று.

பாடல்களின் அடியில் உள்ள குறிப்புகள் பிற்காலத்தார் எழுதியவை. அவற்றின்மேல் இத்துணைக் கட்டடம் எழுப்பலாமா என்ற வினா நியாயமானது. நீக்கப்பட்ட கடன் புலவருடையதா, ஊராருடையதா என்றும் குறிப்பு சொல்லவில்லை. ஆயினும் குறிப்பை முற்றிலும் நீக்கிவிட்டாலும் ‘பகடு’, ‘பாரம்’ என்னும் சொற்கள் பாடலுக்குள்ளேயே நிற்கின்றன. குறிப்பை ஏற்றுக்கொண்டால் மற்றொன்று தெளிவாகிறது. பாடலில் கேட்கப்பட்டது பாரத்தை ஓம்புதல். கிடைத்ததாகக் குறிப்பு கூறுவது பழங்கடனின் நீக்கம். இரண்டும் ஒன்றல்ல. 2017இல் வறட்சியால் நொடிந்த தமிழக உழவர் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை முன்வைத்து அமர்ந்தபோதும், கோரிக்கைகளுள் முன்னின்றது கடன் தள்ளுபடியே. கொடுக்க வேண்டியதில்லை என்று அரசு கூறுவதால் மட்டும் விற்ற எருது தொழுவத்துக்குத் திரும்பிவிடாது. கிள்ளிவளவன் நிலுவையை விடுத்த அவ்வாண்டில், நாகனாரின் ஊரில் எத்தனை ஏர் பூட்டப்பட்டன என்பதைக் குறிப்பெழுதியவர் எழுதிவைக்கவில்லை.