காலாண்டு லாபமும் முப்பதாண்டு வேலையும்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் உயர் நிர்வாகிகள் பலர், எந்த முடிவை எடுக்கும்போதும் முதலில் பார்ப்பது அந்தக் காலாண்டின் லாபக் கணக்கை. பத்தாண்டு கழித்துப் பலன் தரும் செலவைத் தள்ளிப்போட்டு, மூன்று மாதத்தில் கணக்கில் ஏறும் லாபத்தைப் பிடிக்கும் இந்தப் போக்கைக் குறுகிய கால நோக்கு என்பார்கள். ஊழியரின் கணக்கு வேறு. கற்றுக்கொண்ட தொழில், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, கடைசியில் ஓய்வூதியம் என்று அவர் நிறுவனத்தை நம்பிப் போடும் முதலீடு இருபது, முப்பது ஆண்டுக்கு நீள்வது. பங்கை இன்று வாங்கி நாளை விற்றுவிடலாம். ஒரே இயந்திரத்தோடு பதினைந்து ஆண்டு பழகிய கைத்திறனை அப்படி விற்றுவிட்டுக் கிளம்ப முடியாது.

இந்தப் போக்கு வேரூன்றியது அமெரிக்காவில். அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 1970இல் காலாண்டு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 1980களில், பங்கு விலை தாழ்ந்த நிறுவனங்களைக் கடன் வாங்கிக் கைப்பற்றித் துண்டு துண்டாக விற்பவர்கள் கிளம்பினார்கள். விலையை உயர்த்தி வைத்திருப்பதே நிர்வாகிக்குப் பாதுகாப்பு என்றாயிற்று. நிறுவனங்கள் தங்கள் பங்கைத் தாங்களே சந்தையில் திரும்ப வாங்குவதற்கு இருந்த சட்ட அச்சத்தை 1982இல் வந்த ஒரு விதி போக்கியது. 1993இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டு, உயர் நிர்வாகியின் ஊதியத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதியைச் செலவாகக் கழிக்க முடியாது என்றானது. செயல்திறன் சார்ந்த ஊதியத்துக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. அதிகச் சம்பளத்துக்குக் கடிவாளம் போட வந்த திருத்தம், சம்பளத்தைப் பங்கு ஆப்ஷன்களாகக் கொடுக்கும் வழியை அகலமாக்கிவிட்டது. பங்கு விலை ஏறினால் நிர்வாகியின் சொந்த வருமானமும் கூடவே ஏறியது.

இந்த நோக்கில் நன்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நீண்ட காலத் திட்டம் என்ற பெயர் பல நேரங்களில் சோம்பலுக்கும் வீண்செலவுக்கும் மறைவிடமாக இருந்திருக்கிறது. பத்தாண்டு கழித்துப் பாருங்கள் என்று சொல்லும் நிர்வாகியை இடையில் யாரும் கேள்வி கேட்க முடியாவிட்டால், நஷ்டம் தெரியவரும்போது சேமிப்பைப் போட்டவர்களும் வேலை பார்த்தவர்களும் சேர்ந்தே கவிழ்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் சிறு முதலீட்டாளருக்கு உண்மையான காப்பு. பிரிட்டன் 2007இல் காலாண்டு அறிக்கையைக் கட்டாயமாக்கி, 2014இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இரண்டு மாற்றங்களாலும் நிறுவனங்களின் முதலீட்டு அளவு பெரிதாக மாறவில்லை என்று அதை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே கோளாறு அறிக்கையில் இல்லை. அறிக்கை வருமுன்பே இவ்வளவு லாபம் வரும் என்று சந்தைக்கு வாக்குக் கொடுப்பதும், அந்த வாக்கைக் காப்பாற்றியவருக்கு உடனடியாகப் பெரும் பரிசு கொடுப்பதும்தான் கோளாறு.

ஊழியர் இதில் முதலில் அடிபடுவதற்குக் கணக்கியல் முறையே ஒரு காரணம். நிறுவனம் புதிய இயந்திரம் வாங்கினால் அது சொத்து. அதன் விலை பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானமாக எழுதப்படும். அந்த இயந்திரத்தை இயக்க ஓர் ஊழியருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் அது செலவு; முழுத்தொகையும் உடனே லாபத்திலிருந்து கழியும். எனவே காலாண்டுக் கடைசியில் லாபம் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தால் கை முதலில் போவது பயிற்சி, பராமரிப்பு, ஆராய்ச்சி, ஆட்கள் ஆகியவற்றின் மீது. அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட நிதி நிர்வாகிகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், லாப இலக்கை எட்ட ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு போன்ற செலவுகளைக் குறைப்போம் என்று 80 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். நல்ல திட்டத்தையே தள்ளிப்போடுவோம் என்றவர்கள் பாதிக்கு மேல்.

இந்தக் குறுகிய கால நோக்கின் வலிமையையும் விலையையும் ஒரே இடத்தில் காட்டும் நிறுவனம் ஜெனரல் எலக்ட்ரிக். 1981இல் ஜாக் வெல்ச் தலைமைச் செயல் அதிகாரியானபோது, ஒரு சிறு முடிவுகூடப் பல அடுக்கு அதிகாரிகளைத் தாண்டித்தான் மேலே போகும். அவர் அடுக்குகளைக் கலைத்தார். துறையில் முதலிடமோ இரண்டாமிடமோ பிடிக்க முடியாத பிரிவுகளைச் சரிசெய்தார், விற்றார் அல்லது மூடினார். அவர் விலகிய 2001க்குள் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 1,400 கோடி டாலரிலிருந்து 40,000 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்திருந்தது. ஆனால் 1980 கடைசியில் 4,11,000 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை 1985 கடைசியில் 2,99,000 ஆகச் சுருங்கியது. நியூட்ரான் குண்டு விழுந்தாற்போல் கட்டடம் நிற்க, ஆட்கள் மட்டும் காணாமல் போனதால் அவருக்கு ‘நியூட்ரான் ஜாக்’ என்று பட்டப்பெயர் வந்தது.

வேலையில் தங்கியவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு காத்திருந்தது. ஊழியர்களை மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று ஆண்டுதோறும் பிரித்து, கீழே வருபவர்களை வெளியேற்றும் முறை அது. தகுதி பார்த்துப் பரிசு தருவதில் தவறில்லை. வேலை செய்யாதவரின் சுமையைச் சக ஊழியர் தூக்கும் அநியாயம் அதனால் குறையும். கோளாறு அந்தக் கட்டாய விகிதத்தில். பத்துப் பேரும் நன்றாக உழைத்த ஒரு குழுவில், அப்ரைசல் நேரத்தில் மேலாளர் ஒருவரையாவது கீழே தள்ளியாக வேண்டும். அடுத்த ஆண்டு அந்த இடம் தனக்கு வரலாம் என்று தெரிந்தவர், பக்கத்து மேசைக்காரருக்குத் தொழில் நுணுக்கத்தைச் சொல்லித் தர ஏன் முன்வர வேண்டும்? இந்தியத் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் ‘பெல் கர்வ்’ என்று அறிந்திருப்பது இதன் நெருங்கிய உறவுதான். இதே போன்ற தரவரிசை முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது.

இந்திய ஊழியர்களுக்கும் ஜெனரல் எலக்ட்ரிக்குக்கும் நேரடித் தொடர்பே உண்டு. செலவைக் குறைக்க வெளியே அனுப்பிய வேலைகள் பெங்களூருக்கும் குர்கானுக்கும் வந்தன. ஜென்பாக்ட் அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவாக 1997இல் குர்கானில் தொடங்கியதுதான். அமெரிக்கத் தொழில் நகரங்கள் இழந்த வேலைகளில் ஒரு பகுதி, பல்லாயிரம் இந்தியக் குடும்பங்களுக்கு முதல் மாதச் சம்பளமாயிற்று. அந்த நன்மை உண்மையானது. ஆனால் குறைந்த செலவை மட்டும் பார்த்து வந்த வேலை, அதைவிடக் குறைந்த செலவு தெரிந்தால் இங்கிருந்தும் நகரும்.

வெல்ச் காலத்து லாபம் ஏறுமுகமாகவே இருந்ததில் நிதிப் பிரிவான ஜிஇ கேபிட்டலுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் போன பிறகும் சந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பழக்கம் போகவில்லை. 2002, 2003 ஆண்டுக் கடைசிகளில் இன்னும் விற்பனையாகாத ரயில் இன்ஜின்களை விற்றதாகக் கணக்கில் காட்டியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2009இல் சுமத்தியது. நிறுவனம் ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 5 கோடி டாலர் கட்டியது. 2008 நிதி நெருக்கடியில் நிதிப் பிரிவு ஆட்டம் கண்டது. 1907 முதல் தொடர்ந்து இடம்பெற்றிருந்த டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து 2018இல் நிறுவனம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, கடனைக் குறைப்பதற்காகச் சுமார் 20,000 ஊழியர்களின் ஓய்வூதியம் மேற்கொண்டு வளராமல் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. லாபம் கூடிய காலத்தில் போனஸ் வாங்கியவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

ஜெனரல் எலக்ட்ரிக் என்ற அதே பள்ளியில் பயின்ற ஜேம்ஸ் மெக்நெர்னி 2005 முதல் 2015 வரை போயிங்கை நடத்தினார். அவர் வந்த ஆண்டில், விமான உடற்பகுதிகளைச் செய்யும் விச்சிட்டா ஆலை விற்கப்பட்டு ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமானது. 2013 முதல் 2019 வரை போயிங் தன் பங்குகளைத் திரும்ப வாங்க 4,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. புதிய விமானம் வடிவமைக்காமல் பழைய 737இல் பெரிய இன்ஜின் பொருத்தி 737 மேக்ஸ் என்று விற்றார்கள். விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பதையே விற்பனைச் சிறப்பாகச் சொன்னார்கள். 2018இலும் 2019இலும் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டார்கள்.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், பறந்துகொண்டிருக்கும்போதே கதவுக்கான திறப்பை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. நல்வேளையாக யாரும் சாகவில்லை. விச்சிட்டாவிலிருந்து வந்த உடற்பகுதியில் சேதமான ரிவெட்டுகளைச் சரிசெய்ய, போயிங்கின் ரென்டன் ஆலையில் அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திரும்ப மூடும்போது நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கான பதிவும் இல்லை. 24 பேர் கொண்ட கதவுக் குழுவில் இதற்கு முன் அந்தப் பலகையைத் திறந்து பழகியவர் ஒரே ஒருவர். அன்று அவர் விடுப்பில் இருந்தார் என்று விசாரணை கண்டது. ஒரு தொழிலின் அறிவு கைகளில் இருக்கிறது. ஆட்களைக் குறைக்கும்போது குறைவது அதுவும்தான். அதை எந்தக் காலாண்டுக் கணக்கும் காட்டுவதில்லை.

இழந்ததைப் போயிங் ஊழியர்கள் மறக்கவில்லை. புதிய 777எக்ஸ் விமானத்தை வேறு மாநிலத்தில் கட்டிவிடுவோம் என்ற அழுத்தத்தில், 2014 ஜனவரியில் 51 சதவீத வாக்குகளில் அவர்கள் தங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் 33,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏழு வாரத்துக்கு மேல் நின்று, நான்கு ஆண்டில் 38 சதவீத ஊதிய உயர்வைப் பெற்றார்கள். ஓய்வூதியம் மட்டும் திரும்பவில்லை. விச்சிட்டா ஆலையை வைத்திருந்த ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்க அதே ஆண்டு போயிங் 470 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

மாற்று வழிகள் சில சோதிக்கப்பட்டிருக்கின்றன. யூனிலீவரின் பால் போல்மன் 2009இல் பதவியேற்றதும் லாப முன்னறிவிப்பு தருவதை நிறுத்தினார். நிறுவனம் அதனால் கெட்டுப்போகவில்லை. இன்னும் ஆழமான வழி ஜெர்மனியுடையது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் கண்காணிப்புக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. அது எல்லா நோய்க்கும் மருந்தாகவில்லை. 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் புகை மோசடி அந்தக் குழு இருந்த நிறுவனத்தில்தான் நடந்தது. ஆனால் 2024இல் அதே நிறுவனம் ஜெர்மன் ஆலைகளை மூட யோசித்தபோது, ஊழியர் தரப்போடு பேசித்தான் முடிவெடுக்க முடிந்தது. டிசம்பர் ஒப்பந்தப்படி 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும். ஆனால் யாரும் கட்டாயமாக வெளியேற்றப்பட மாட்டார்கள். வேலை உத்தரவாதமும் 2030 வரை நீள்கிறது.